அண்ணனுக்கு ஏற்ற ராக்கெட்

எடையைக் குறைக்காவிட்டால் ஆயுள் முழுக்க மாத்திரைதான் என்று டாக்டர் மிரட்டிய பிறகு, நாற்பத்தொரு வயதில் நான், நாலு சுவருக்குள் நின்று பந்தைச் சுவரில் அடித்து ஆடும் ஸ்குவாஷ் ஆடக் கிளம்பினேன். நான் வேலை பார்க்கும் இன்சூரன்ஸ் அலுவலகத்துக்கு எதிரே ஒரு விளையாட்டரங்கம். அதன் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்னக் கடை. பந்து, காலுறை, ராக்கெட், ராக்கெட்டுக்கு நரம்பு கட்டும் ஒரு இயந்திரம், அவ்வளவுதான். அங்கே இருந்த அம்மாவை எல்லோரும் ராக்கெட்டக்கா என்றே கூப்பிட்டார்கள். சுவரில் மாட்டியிருந்தவற்றிலேயே மெலிதான கறுப்பு ராக்கெட்டைக் காட்டி, அதைக் கொடுங்கள் என்றேன்.

“யாருக்கு?”

“எனக்குத்தான்.”

“எவ்வளவு நாளா ஆடுறீங்க?”

“நாளையிலேர்ந்து.”

அக்கா சிரிக்கவில்லை. கறுப்பு ராக்கெட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். இறகு மாதிரி இருந்தது.

“நூத்தியிருபது கிராம். இதுல பந்து படவேண்டிய இடம் ஒரு எலுமிச்சம்பழ அளவுதான். அங்க பட்டா நீங்க நினைச்ச இடத்துக்குப் போகும். படலைன்னா எங்க போகும்னு யாருக்கும் தெரியாது. ஆடி ஆடிக் கை பழகினவங்களுக்குத்தான் இது.” இன்னொன்றை எடுத்து நீட்டினார். நீர்த்துளி போல அகலமான முகம், தலைப்பக்கம் கொஞ்சம் கனம். “உங்களுக்கு இது. கை சோம்பேறியா வீசினாலும் இதுவே பந்தைத் தள்ளிவிடும். நரம்பும் கொஞ்சம் தளர்வா கட்டித் தர்றேன். தப்பா அடிச்சாலும் பொறுத்துக்கும்.”

எனக்கு ரோசம் வந்துவிட்டது. கறுப்பையே வாங்கிக்கொண்டு போனேன். மூன்று வாரத்தில் முழங்கை வீங்கி, பந்து பட்டு என் மூக்குக் கண்ணாடியும் போய், திரும்பி வந்து நின்றேன். அக்கா என் முகத்தைப் பார்த்தார். அந்த நீர்த்துளி ராக்கெட்டை உறையோடு எடுத்து மேஜைமேல் வைத்தார். ‘அன்னைக்கே சொன்னேனே’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதிலிருந்து நான் அந்தக் கடைக்கு வாடிக்கைக்காரன் மட்டுமல்ல, வேலை முடிந்ததும் ஒரு டீயோடு போய் உட்காரும் ஆளுமாகிவிட்டேன்.

கடையின் பின்சுவர்தான் கோர்ட்டின் பக்கச்சுவர். உள்ளே யார் ஆடுகிறார்கள் என்பதை அக்கா பார்க்கவே வேண்டாம். நரம்பு இழுத்துக்கொண்டே, “இந்த ஆளு ராக்கெட்டோட கைப்பிடியைக் கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிக்கிறாரு, அடுத்த வாரம் தோள்பட்டை வலின்னு வருவாரு” என்பார். வருவார்.

இந்த வேலையை அக்காவுக்கு வாங்கித் தந்தவர் அவருடைய அண்ணன். அக்கா அதற்கு முன்னால் ஒரு தையல் தொழிற்சாலையில் பதினோரு வருஷம் காலர் தைத்தவர். தொழிற்சாலையை மூடியதும் வீட்டில் முடங்கிக் கிடந்தவரை அண்ணன் இங்கே கூட்டிவந்து, “நூல் இழுக்கத் தெரிஞ்சவளுக்கு நரம்பு இழுக்கத் தெரியாதா?” என்று மேலாளரிடம் சொல்லி உட்கார வைத்துவிட்டார்.

அண்ணன் லிப்ட் மெக்கானிக். முப்பத்திரண்டு வயதில் இதே கட்டடத்தின் லிப்டைப் பழுது பார்க்க வந்தவர், சாப்பாட்டு நேரத்தில் கண்ணாடிக் கதவு வழியாக ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, அழுக்குச் சட்டையோடு உள்ளே போய் ஒரு ராக்கெட்டை இரவல் வாங்கினாராம். நாலே வருஷத்தில் அந்த அரங்கத்தில் அவரை ஜெயிக்க ஆளில்லை. பலமாக அடிப்பவரல்ல. மணிக்கட்டை லேசாகத் திருப்புவார், அவ்வளவுதான். பந்து முன்சுவரைத் தொட்டு, மூலையில் விழுந்து, எழுந்திருக்காமல் அங்கேயே கிடக்கும். எதிரில் ஆடும் வக்கீல் பாதி தூரம் ஓடிவந்து நின்று இடுப்பில் கை வைப்பார். வக்கீலும் அவரும் வியாழக்கிழமை தோறும் ஆடுவார்கள். அண்ணன் வைத்திருந்தது எனக்கு ஆகாத அதே கறுப்பு ராக்கெட். நரம்பு இருபத்தேழு பவுண்டு இறுக்கம். அதற்கு ஒரு இழை கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

நான் சேர்ந்து ஒரு வருஷம் இருக்கும். அண்ணன் ஒரு நாள் ராக்கெட்டை மேஜைமேல் போட்டார்.

“பாப்பா, நரம்பு தளர்ந்துபோச்சு போல. பந்து சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குது. அரை பவுண்டு ஏத்திக் கட்டு.”

அக்காவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அண்ணன் வாயில் இன்னும் பாப்பாதான். கட்டிக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் மறுபடி வந்து நின்றார். இருபத்தெட்டாக்கச் சொன்னார். அப்புறம் கைப்பிடித் துணி வழுக்குகிறது என்றார். அப்புறம் பந்தே சரியில்லை, கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான் என்றார். அக்கா ராக்கெட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஒரு கீறல் இல்லை. “நரம்பை இறுக்க இறுக்கப் பந்து படவேண்டிய இடம் இன்னும் சின்னதாகும். இது அண்ணனுக்குத் தெரியாதா? எனக்குச் சொல்லிக் குடுத்ததே அவருதான்” என்று என்னிடம் முணுமுணுத்தார்.

ஒரு மதியம் அண்ணன் கண்ணாடி மேஜைமேல் வலது கையை வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். விரலில் லிப்ட் கதவுச் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. சாவி கண்ணாடியில் டிக் டிக் டிக் என்று தட்டிக்கொண்டே இருந்தது. அண்ணன் ஏதோ வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் தன் பாட்டுக்கு ஆட்காட்டி விரலின் மேல் உருண்டுகொண்டிருந்தது.

“அண்ணே, கை ஏன் ஆடுது?”

அண்ணன் கையைப் பார்த்தார். யாருடைய கையோ அங்கே கிடப்பது போல ஒரு கணம் பார்த்துவிட்டு, எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். “காலையிலேர்ந்து ஏழு மாடி ஏறி இறங்கியிருக்கேன். ஆடாம என்ன செய்யும்?”

அன்றைக்கே அக்கா அண்ணிக்குப் போன் செய்தார். அண்ணி சொன்னார்: “ரெண்டு மாசமா சட்டை பட்டனை நான்தான் போட்டுவிடறேன். ஏன்னு கேட்டா, புது மாப்பிள்ளை மாதிரி இருக்கணும்னு ஆசையா இருக்காம். நானும் சிரிச்சுக்கிட்டே போட்டுவிட்டுட்டேன்.”

இரண்டு பேரும் சேர்ந்து இழுத்துக்கொண்டு போய்ப் பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். நடுக்குவாதம் என்று பெயர் சொன்னார் அவர். குணமாகாது, மாத்திரையால் தள்ளிப்போடலாம். ஆட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை, முடிகிறவரைக்கும் ஆடினால் நல்லதுதான் என்றும் சொன்னார். அத்தனை பேச்சில் அண்ணன் காதில் விழுந்தது கடைசி வரி ஒன்றுதான். திரும்பும் வழியிலேயே, “இருபத்தெட்டரை போட்டுப் பார்ப்போமா?” என்று கேட்டாராம்.

அதன் பிறகுதான் அக்கா அந்தக் காரியத்தைச் செய்தார். அண்ணன் இருபத்தெட்டு கேட்டால் இருபத்தாறு கட்டினார். அடுத்த முறை இருபத்துநாலு. அதற்கடுத்து இருபத்திரண்டு. தலைப்பக்கத்து ரப்பர் பட்டைக்கு அடியில் மெல்லிய ஈயப் பட்டை ஒன்றை ஒட்டி, முனையைக் கொஞ்சம் கனமாக்கினார். இயந்திரத்தில் இறுக்கத்தைக் காட்டும் முள் சுவர்ப்பக்கம் இருக்கும்படி மேஜையையே திருப்பிப் போட்டார். வெளியே பார்த்தால் அதே கறுப்பு ராக்கெட்தான். உள்ளுக்குள் அது புதிதாக ஆட வருகிறவனின் ராக்கெட்டாக மாறிக்கொண்டே வந்தது.

அண்ணனுக்குப் பந்து மறுபடி பேச்சைக் கேட்க ஆரம்பித்தது. முழுக்க இல்லை, பத்தில் ஆறு. “பாத்தியா? இப்பத்தான் ஒழுங்கா கட்டியிருக்கே!” என்று கடைக்குள் வந்து அக்காவின் தலையில் செல்லமாகத் தட்டினார். ஒரு வியாழக்கிழமை வக்கீலிடம் ஒரு ஆட்டம்கூட ஜெயித்தார்.

எனக்கு இதெல்லாம் தெரியும். என் ராக்கெட்டுக்கு நரம்பு கட்டிக்கொண்டிருக்கும்போது அக்காவே சொன்னார். “யாருக்கும் நான் பொய் சொல்லி வித்ததில்ல சார். கூடப் பொறந்தவருக்குத்தான் சொல்றேன்.”

“சொல்லிடுங்களேன் அக்கா.”

“என்னன்னு சொல்றது? உனக்கு இனிமே அது ஆகாதுன்னா?”

டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன்.

ஏழு மாதம் ஓடியது. ஒரு வியாழக்கிழமை நான் கடையில் இருந்தபோது அண்ணன் ஆட்டத்துக்குச் சீக்கிரமே வந்துவிட்டார். நரம்பு கட்டி முடித்த வக்கீலின் ராக்கெட் மேஜைமேல் இருந்தது. அண்ணன் சும்மா அதை எடுத்து நரம்பை நகத்தால் சுண்டினார். லிப்டின் இரும்புக் கயிறுகளைத் தட்டிப் பார்த்தே எது தளர்ந்திருக்கிறதென்று சொல்லும் காது அது. பிறகு தன் ராக்கெட்டை உறையிலிருந்து உருவி அதையும் சுண்டினார். மறுபடி வக்கீலுடையதை. மறுபடி தன்னுடையதை.

“வக்கீலுக்கு எவ்வளவு கட்டுனே?”

“இருபத்தாறு.”

“எனக்கு?”

அக்கா நரம்புச் சுருளைத் தேடுவது போலக் குனிந்தார்.

“கேக்குறேன்ல, பாப்பா. எனக்கு எவ்வளவு?”

“இருபத்திரெண்டு.”

“எத்தனை நாளா?”

“ஏழு மாசமா அப்படித்தான். படிப்படியா குறைச்சேன்.”

அண்ணன் என் பக்கம் திரும்பினார். “சாருக்கும் தெரியுமா?”

நான் தொங்கவிட்டிருந்த காலுறைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. அவர் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. மேஜையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து, ராக்கெட்டின் ஓரத்து நரம்பில் வைத்தார்.

“அண்ணே, நடுவுலேர்ந்து வெட்டுண்ணே” என்று அக்கா பதறினார். “ஓரத்துல வெட்டினா ஃப்ரேம் கோணிக்கும்.”

அந்த நேரத்திலும் அவர் வாயில் வந்தது அதுதான். அண்ணனும் அந்த நேரத்திலும் சொன்னதைக் கேட்டார். கத்தரிக்கோலை நடுவுக்குக் கொண்டுவந்தார். ஆனால் கை ஒத்துழைக்கவில்லை. வாய் திறந்த கத்தரிக்கோல் நரம்பின் மேல் நடுங்கியது, கடித்தது, வழுக்கியது. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுத்தினார். நரம்பு நசுங்கியதே தவிர அறுபடவில்லை. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். போய்ப் பிடிப்பதா, பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்வதா என்று எனக்குப் புரியவில்லை.

கடைசியில் அக்காதான் அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிக் கத்தரிக்கோலை வாங்கினார். வாங்கி, நடுவிலிருந்து தொடங்கி, டப் டப் என்று எல்லா நரம்பையும் தானே வெட்டிப்போட்டார்.

“இருபத்தெட்டு கட்டு” என்றார் அண்ணன்.

“வேணாம்ணே.”

“கடைக்கு வர்றவன் கேக்குறதைத்தானே குடுக்கணும்? கட்டு.”

அக்கா கட்டினார். முக்கால் மணி நேரம் ஆனது. மேஜையைச் சுற்றிவந்து சுவரோரம் நின்று, முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார் அண்ணன். ஈயப் பட்டையைத் தானே உரித்து எறிந்தார். நடுவில் வக்கீல் வந்து எட்டிப்பார்த்தார், நிலவரத்தைப் புரிந்துகொண்டு வெளியே போய் நின்றார்.

ஸ்குவாஷ் கோர்ட்டின் முன்சுவரில் அடிப்பாகத்தில் ஒரு தகரம் உண்டு. பந்து அதில் பட்டால் புள்ளி போயிற்று. பட்டால் ஓட்டை டப்பாவை உதைத்தது போல ஒரு சத்தம் வரும், எவ்வளவு தூரத்திலிருந்தாலும் கேட்கும். அன்றைக்குக் கடைக்குள் அக்காவுக்குக் கேட்டது முழுக்க அந்தச் சத்தம்தான். நான் மாடியேறி மேலிருந்து பார்த்தேன். நல்ல மனுஷரான வக்கீல், அண்ணனின் கைக்கே பந்து போகும்படி மெதுவாகப் போட்டுக்கொடுக்க ஆரம்பித்திருந்தார். நாலு பந்து போனதும் அண்ணன் ஆட்டத்தை நிறுத்தினார்.

“வக்கீல் சார், கோர்ட்டுலயும் எதிராளிக்கு இப்படித்தான் விட்டுக்குடுப்பீங்களா?”

வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு உண்மையாகவே ஆடினார். ஆட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டது. அண்ணன் கடைப் பக்கம் வராமல், வண்டி நிறுத்தும் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். நான் இறங்கி வந்தபோது அக்கா வெட்டிய நரம்புகளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் அண்ணன் எட்டிப்பார்க்கவில்லை, போனையும் எடுக்கவில்லை. நாலாவது வாரம் அண்ணி வந்தார். உயரமான, அதிகம் பேசாத பெண்மணி. அதுவரை அந்தக் கட்டடத்துக்குள் அவர் காலெடுத்து வைத்ததில்லை. வேலையிடத்தில் அண்ணன் கையிலிருந்து ஸ்பானர் நழுவி, லிப்ட் இறங்கும் குழிக்குள் ஆறு மாடி விழுந்துவிட்டதாம். கீழே ஆளில்லாததால் தப்பித்தார்கள். இனி மேலே ஏற வேண்டாம் என்று உதிரிபாகக் கிடங்கில் சீட்டு எழுத உட்கார வைத்துவிட்டார்கள். அங்கேயும் கையெழுத்து எறும்பு ஊர்கிற மாதிரி சின்னதாகிக்கொண்டே போகிறதென்று முணுமுணுப்பு.

“வீட்டுக்கு வந்தா சுவத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காரு” என்றார் அண்ணி. “எனக்கு இந்த விளையாட்டைப் பத்தி ஒண்ணும் தெரியாது. நீதான் யாருக்கு எது பொருந்தும்னு பார்த்ததுமே சொல்லிடுவியாமே. அவருக்குப் பொருந்துற மாதிரி ஒண்ணு எடுத்துக் குடேன்.”

அக்கா சுவரைத் திரும்பிப் பார்த்தார். முப்பது, முப்பத்தைந்து ராக்கெட் தொங்கும்.

“இதுல எதுவும் அவருக்கில்ல அண்ணி. ஒண்ணுமே தெரியாம வர்றவங்களுக்கு இருக்கு. கொஞ்சம் தெரிஞ்சவங்களுக்கு இருக்கு. நல்லா ஆடுறவங்களுக்கு இருக்கு. எல்லாம் தெரிஞ்சு கை மட்டும் வராதவங்களுக்குன்னு யாரும் செய்யல.”

“நீயாச்சும் ஏதாவது செஞ்சு…”

“செஞ்சு பாத்தேன் அண்ணி. அதனாலதானே என்கூட பேசாம இருக்காரு.”

கிளம்பும்போது அண்ணி, வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பிஸ்கட் டப்பாவை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் பத்து நாள் இருக்கும். மதியம், கோர்ட் காலி. அண்ணன் வந்து, வணக்கம் சொல்லாமல், கோபமும் இல்லாமல், சுவரிலிருந்து மூன்று ராக்கெட்டைத் தானே கழற்றிக்கொண்டு உள்ளே போனார். மூன்றும் அகலமான முகம் கொண்டவை. ஒவ்வொன்றிலும் கொஞ்ச நேரம் அடித்துப் பார்த்தார். அக்கா மனதுக்குள் ஒன்றைத் தேர்ந்து வைத்திருந்தார், மூன்றிலும் கனமானதை. கனம் கையை அமர்த்தும் என்று அவர் நினைப்பு. அண்ணன் லேசானதைக் கொண்டுவந்து வைத்தார்.

“கனமானதைத் தூக்கினா கை இன்னும் ஆடுது. இது போதும்.”

அக்காவுக்கு அது தப்பு என்றுதான் பட்டது. தப்பு என்று அடித்துச் சொல்லவும் தெம்பில்லை. “அந்தக் கை எனக்குப் பழக்கமில்லாத கை சார்” என்று பிறகு என்னிடம் சொன்னார்.

“நரம்பு எவ்வளவுண்ணே?”

“நீ நினைக்கிறதைக் கட்டு. எவ்வளவுன்னு என்கிட்ட சொல்லாதே.”

புதன்கிழமை மதியங்களில் அண்ணனும் அண்ணியும் வர ஆரம்பித்தார்கள். அண்ணிக்குத் தேர்ந்தெடுப்பதில் சிக்கலே இல்லை. எனக்குத் தந்த அதே மாதிரி ஒன்றை அக்கா எடுத்துக் கொடுத்தார். நன்றாக எம்பும் பெரிய பந்தும் கொடுத்தார். அண்ணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ராக்கெட்டை ஈ அடிக்கிற மாதிரி வீசுவார். அண்ணன் விழுந்து விழுந்து சிரிப்பார். இரண்டு பேரும் சேர்ந்து தொடர்ச்சியாக நாலு முறைக்கு மேல் பந்தை அடித்ததில்லை. தகரம் ஓயாமல் சத்தம் போடும். அக்கா அந்த நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே நின்றுகொள்வார். ஒன்பது மாதம் அது நடந்தது.

கடைசிப் புதன்கிழமை நானும் இருந்தேன், எங்கள் அலுவலகத்துக்கு அன்று விடுமுறை. அண்ணன் பந்தை எடுக்க ஓரடி வைத்தவர் அப்படியே நின்றார். விளையாட்டுக்கு நிற்கிறார் என்றுதான் அண்ணி நினைத்தார்.

“என்னங்க, வாங்க.”

“வர்றேன். கால் வர மாட்டேங்குது.”

தரையோடு ஆணி அடித்தது போல இரண்டு பாதமும் ஒட்டிக்கொண்டன. உடம்பு முன்னால் போகப் பார்க்கிறது, பாதம் விடவில்லை. அண்ணி அவர் தோளைப் பிடித்தார். அக்கா கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடினார். கால் இப்படி ஒட்டிக்கொண்டால், தரையில் ஒரு கோட்டைத் தாண்டுவதாக நினைத்துக் காலைத் தூக்கச் சொல்லி டாக்டர் பழக்கியிருந்தார். “அந்தச் சிவப்புக் கோட்டைத் தாண்டுண்ணே. ஒண்ணு, ரெண்டு, மூணு.” அண்ணன் கோட்டைப் பார்த்தார். தாண்ட முடியவில்லை. அக்கா மறுபடி எண்ணினார். அண்ணியும் சேர்ந்து எண்ணினார். மூன்று பேரும் அந்த வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே நின்றார்கள்.

அடுத்த மணிக்கு முன்பதிவு செய்திருந்த இரண்டு பேர் கண்ணாடிக்கு வெளியே வந்துவிட்டார்கள். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் அவர்களிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். உள்ளேயிருந்து அக்கா திரும்பி, இரண்டு விரலைக் காட்டினார். இரண்டே நிமிஷம்.

ஐந்து நிமிஷத்துக்கு மேலேயே ஆகியிருக்கும். எப்படி ஒட்டியதோ அப்படியே காரணமில்லாமல் கால் விட்டது. அண்ணன் நடந்து வெளியே வந்து, காத்திருந்தவர்களிடம், “மன்னிச்சுக்குங்க, உங்க நேரத்தை எடுத்துக்கிட்டோம்” என்றார். அதன்பிறகு அவர் வரவில்லை.

அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் வீட்டுக்குப் போய்வருகிறார். போன மாதம் என் ராக்கெட்டை இயந்திரத்தில் பூட்டிக்கொண்டே சொன்னார்:

“அண்ணன் ராக்கெட் கதவுக்குப் பின்னால அப்படியே மாட்டியிருக்கு சார். ஆடாம வச்சிருந்தாலும் நரம்பு தளர்ந்துடும். எடுத்துட்டுப் போய் மாத்திக் கட்டிக் கொண்டாரட்டுமான்னு கேட்டேன். வேணாம் பாப்பான்னாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“சரிண்ணேன்னேன். வேற என்ன சொல்ல?”

பிறகு நரம்பைத் துளைக்குள் விட்டு, முள்ளைப் பார்த்து இழுக்க ஆரம்பித்தார்.